திறக்கிற ஆள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் அக்காவோடு சண்டை. பாலிஷ் காய்வதற்குள் மூடியைப் போட்டுப் பார்த்தேனாம், விரல் ரேகை பதிந்துவிட்டதாம். "உன் அவசரத்துக்கெல்லாம் நான் ஆளில்லடா, நீயே தேய்ச்சுக்கோ" என்று துணியை என் மேலேயே வீசிவிட்டுப் போனாள். ஐம்பத்தொரு வயசு ஆளை 'டேய்' போட்டுக் கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். பெட்டி என் வேலை, மெருகு அவள் வேலை. பதினெட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

மத்தியானம் பல் டாக்டர் வந்தார். போன வருஷக் கடைசியில் ஒரு புதிர்ப்பெட்டி வாங்கிப்போனவர். பூட்டு கிடையாது, சாவி கிடையாது. பக்கப் பலகைகளைச் சரியான வரிசையில் பதினான்கு தடவை நகர்த்தினால்தான் மூடி திறக்கும். வரிசையை எழுதிக் கொடுத்தும் இருந்தேன். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"வீட்டுல ஒருத்தங்க திறந்துட்டாங்க. நாற்பது நாள்ல. இதைவிடக் கஷ்டமா வேணும்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதே மாதிரிப் பெட்டியை, தாள் வேண்டாமென்று வாங்கிப்போய், ஒரு வருஷமாகத் திறக்க முடியாமல் மாதாமாதம் போன் பண்ணி அழுகிற ஒரு வக்கீல் இருக்கிறார். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார் டாக்டர்: உள்ளளவு நூற்று முப்பதுக்குத் தொண்ணூற்றைந்து, உயரம் இருபது மில்லிமீட்டர். அவர் போனதும் அக்கா அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர் வைத்துவிட்டாள். உள்ளே என்ன வைக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் கேட்பதில்லை. எங்கள் தொழிலில் அது ஒரு மரியாதை.

அவர் தலை மறைந்ததும் முதல் வேலையாகப் பெட்டியின் அடித்தட்டைத் திறந்தேன். நான் செய்யும் ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் விரல் தடிமனுக்கு ஓர் ஒளிவுத் தட்டு வைப்பேன். வாங்குகிறவருக்குச் சொல்வதில்லை. பெட்டியைத் திறந்துவிட்டு அதோடு நிற்காமல் மேலும் நோண்டுகிற ஆளுக்கு மட்டும் கிடைக்கும். உள்ளே ஒரு குட்டிப் பென்சில், ஒரு துண்டுச்சீட்டு: 'கண்டுபிடித்தவர் தேதி போடவும்.' பெட்டி பழுதுக்கு வந்தால் எடுத்துப் பார்ப்பேன். பதினைந்து வருஷத்தில் ஆறு பேர்.

ஏழாவது ஆள்! பொடிப்பொடியான, நேரான எழுத்து. 'ஜனவரி 19. நல்ல வேலை.'

அக்காவிடம் காட்டினேன். "ரொம்பத்தான் துள்ளாதே" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

முடிந்தது. முப்பத்தொன்று அசைவு. இருபதாவதில் ஒரு பொய்வழி வைத்திருக்கிறேன். அதில் போனால் சுற்றிச் சுற்றி ஆரம்பத்துக்கே வந்து நிற்க வேண்டியதுதான். யாரப்பா நீ, வா, ஒரு கை பார்க்கலாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

பதினோரே நாள்.

மில்லிமீட்டர் நாற்காலியில் உட்காரவில்லை. குரல் எப்போதும் போலத் தணிவுதான், ஆனால் நெற்றியோரம் ஒரு நரம்பு துடித்துக்கொண்டே இருந்தது. "என் மனைவி" என்றார். "எதைக் கொடுத்தாலும் திறந்துடறாங்க. இந்தத் தடவை பெரிசா வேணும். முந்நூற்று இருபதுக்கு இருநூற்று முப்பது. அவங்களால முடியவே கூடாது."

ஒரு அம்மாவாம்! வக்கீலுக்கே தண்ணி காட்டின பெட்டியைவிடக் கஷ்டமானதை ஒரு டாக்டர் வீட்டு அம்மா பதினோரு நாளில் பிரித்து மேய்ந்திருக்கிறாள்.

பெட்டியை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மரம் எதையும் மறைக்காது. பலகை ஓடுகிற காடிகளுக்குள் ஊசியால் தடவிப் பார்த்த கீறல்கள். மூலையில் மெழுகுச் சொட்டு. விளக்கைப் போடாமல் உட்கார்ந்து செய்திருக்கிறாள். இடது பலகை ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. எவ்வளவு ஆசை இருந்தால் இப்படி உட்காருவாள்! அடித்தட்டில் சீட்டு: 'ஏப்ரல் 9. தயவுசெய்து இனிமேல் கடினமாக்காதீர்கள்.'

விழுந்து விழுந்து சிரித்தேன். இதைவிட ஒரு பாராட்டு உண்டா? சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

அக்கா சிரிக்கவில்லை. பெட்டியைக் கையில் வாங்கி அந்தக் கறையை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். "இது பாலிஷ் இல்லடா."

"பின்னே?"

"ரத்தம்."

"சிராய் குத்தியிருக்கும். எனக்குத் தினமும் குத்துது. அதுக்கு என்ன இப்போ?"

பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம்.

மே 14, புதன்

என் வாழ்நாளில் இப்படி ஒன்று செய்ததில்லை. ஐம்பத்திரண்டு அசைவு. முப்பத்தேழாவதுக்குப் பெட்டியைத் தலைகீழாகச் சாய்த்து, இரண்டு கையாலும் இரண்டு பலகையை ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். இரண்டு இடத்தில் 'டிக்' என்று பொய்ச் சத்தம் வேறு. நானே தாளைப் பார்க்காமல் திறக்க மூன்று நாள் பழக வேண்டியிருந்தது.

அடித்தட்டுச் சீட்டில் தேதிக்குப் பதிலாக இந்தத் தடவை நானே எழுதினேன்: 'முடிந்தால் திறங்கள், பார்ப்போம்!'

மில்லிமீட்டர் வாங்கிக்கொண்டு போனார். அக்கா உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

ஒரு தகவலும் இல்லை. ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது. ஆனால் என்னவோ சப்பென்று இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

இதை எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

காலையில் மில்லிமீட்டர் வந்தார், பெட்டியோடு. முகமெல்லாம் சிரிப்பு. "அருமை! ஒன்றரை மாசமாச்சு. தொடக்கூட இல்ல. விட்டுட்டாங்க" என்றார். தாளை எங்கேயோ வைத்துவிட்டாராம், முப்பத்தேழுக்கு மேல் அவருக்கே போகவில்லையாம். திறந்து காட்டச் சொன்னார். உள்ளே பொருள் இருக்கும்போது நான் திறப்பதில்லை என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. திறந்தேன்.

மேலாக ஒரு பட்டச் சான்றிதழ். அதில் மூலையில் ஒரு பெண்ணின் படம், கண்ணாடி போட்ட முகம். கீழே பாஸ்போர்ட். ஒரு செல்போன். பிரிக்காத மூன்று கடிதம், மூன்றும் ஒரே கம்பெனி உறை. அவர் உள்ளங்கையால் எல்லாவற்றையும் மூடினார். "அவங்க எதையும் தொலைச்சிடுவாங்க. அதான் நான் பத்திரமா வச்சிருக்கேன்."

நூற்று முப்பதுக்குத் தொண்ணூற்றைந்து. பாஸ்போர்ட்டின் அளவு. முந்நூற்று இருபதுக்கு இருநூற்று முப்பது. சான்றிதழின் அளவு. நானே என் கையால் அளந்து அறுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட மண்டையில் உறைக்கவில்லை.

அவருக்குக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்கு நகர்ந்தார். எனக்கு அரை நிமிஷம் கிடைத்தது. அடித்தட்டை இழுத்தேன். நான் எழுதிய சீட்டு, திருப்பிப் போட்டு இருந்தது. பின்பக்கம் அதே பொடி எழுத்து:

'மே 18. திறந்தேன். எதையும் எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்த பெட்டி வரும். அவரிடம் சொல்லாதீர்கள்.'

நாலே நாள்! ஐம்பத்திரண்டையும் நாலு நாளில் திறந்து, தன் சான்றிதழைத் தானே பார்த்துவிட்டு, அப்படியே வைத்து, ஐம்பத்திரண்டையும் திரும்பவும் மூடி வைத்திருக்கிறாள். தோற்றுப்போனது மாதிரி.

அவர் திரும்பி வருவதற்குள் தட்டை உள்ளே தள்ளி மூடினேன். "என்ன, வேர்க்குது உங்களுக்கு?" என்று கேட்டார். வெயில் சார் என்றேன். வெளியே மேகமாக இருந்தது.

ஜூலை 3, வியாழன்

மூன்று நாளாக உளியைத் தொடவில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்தேன். 'தயவுசெய்து இனிமேல் கடினமாக்காதீர்கள்.' இதில் புரியாதது என்ன இருக்கிறது? சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்கு மட்டும் அது கைதட்டலாகக் கேட்டிருக்கிறது. பெட்டி செய்கிறவனுக்கு உலகமே தன் பெட்டியைத்தான் பேசுகிறது என்று நினைப்பு. சீ.

அக்காவிடம் சொன்னேன். துணியை மடித்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்தக் கறையைப் பார்த்த அன்னைக்கே தெரியும்."

"அப்போ சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ கேட்டிருவியா? அன்னைக்கு நான் அந்த ஆள்கிட்டயிருந்து ஓடி வந்து சொன்னப்ப கேட்டியா? என் சூட்கேஸைத் தூக்கிக்கிட்டு நீதான்டா முன்னாடி நடந்தே. என்னை அந்த வீட்டு வாசல்ல கொண்டு போய் விட்டுட்டு, 'மாமா, அக்காவைக் கூட்டிட்டு வந்துட்டேன்'னு சிரிச்சே."

பதினெட்டு வருஷத்தில் இதை ஒரு தடவைகூட அவள் வாய் திறந்து சொன்னதில்லை. அன்றைக்கு அவள் கைமூட்டில் இருந்த நீலத்தைக் கதவில் இடித்துக்கொண்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் ஏழு மாசம் அவள் அங்கே இருந்தாள். அந்த ஏழு மாசமும் என் கணக்கு.

அழுதேன். அவள் அழவில்லை. "அவளுக்குப் போக ஒரு இடம் அமையணும். அந்தக் கம்பெனிக் கடிதம் அதுக்காகத்தான் இருக்கும். இப்போ நீ எதையாவது உளறி அந்த ஆளைக் கிளப்பிவிட்டுடாதே" என்றாள்.

ஜூலை 12, சனி

மில்லிமீட்டர் வந்தார். பெட்டி இல்லை, சீட்டு மட்டும்.

இரண்டாயிரத்து நூறுக்குத் தொள்ளாயிரம்.

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. எவ்வளவு பெரிய பெட்டி இது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "பெட்டி இல்ல" என்றார் சிரித்துக்கொண்டு. "கதவு."

மாடியில் ஒரு அறையாம். மனைவிக்கு உடம்பு சரியில்லையாம், தன்னை அறியாமல் எங்கேயாவது போய்விடுவாராம். போன வாரம் கேட் வரைக்கும் செருப்பு போட்டுக்கொண்டு போய்விட்டாராம். "தாழ்ப்பாள் போட்டா பார்க்கிறவங்க தப்பா பேசுவாங்க. உங்க வேலைன்னா பார்க்க அழகா இருக்கும். இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கணும். வெளியில இருந்து அஞ்சு அசைவு, எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி. உள்பக்கம் ஒண்ணும் வேண்டாம்."

முடியாது என்றேன். கதவு என் வேலை இல்லை, இடுப்பு வலி, ஆர்டர் நிறைய, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

"பரவாயில்ல. இரும்புப் பட்டறையில சொல்லிக்கிறேன். பட்டறைக்காரர் ரெண்டே நாள்ல முடிச்சுடுவேன்னார்." எழுந்தார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "செய்வான் சார். இவன் எப்பவும் முதல்ல இப்படித்தான் அலுத்துப்பான்" என்றாள்.

அவர் போனதும் கத்தினேன். பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். "இரும்புக்கு உள்பக்கம் கிடையாதுடா" என்றாள். "உன் மரத்துக்கு உண்டு இல்ல?"

ஜூலை 14, திங்கள்

அதற்கு முன்னால் முறையாகவும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போலீஸுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில். "புருஷன் பொண்டாட்டி விஷயம். அந்தம்மா வந்து சொல்லட்டும்" என்றார் அங்கே இருந்தவர். அந்தம்மாவால்தான் வர முடியாதே ஐயா என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" பெட்டிக்கு அடியில் சீட்டு என்று ஆரம்பித்தேன். அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்த பார்வையிலேயே நிறுத்திவிட்டேன். வெளியே வரும்போது கேட்டார், எந்தப் பல் டாக்டர் என்று. சொன்னேன். "அட, நம்ம டாக்டரா? தங்கமான மனுஷனாச்சே!"

டாக்டர் காதுக்கு இது போகுமோ? போகாமல் இருக்கணும்.

ஜூலை 26, சனி

வெளிப்பக்கம் அவர் கேட்ட ஐந்து. அது இரண்டு நாள் வேலை.

உள்பக்கம் பார்த்தால் வெறும் கதவு. அழகுக்குக் குறுக்கே ஒன்பது மெல்லிய மரப் பட்டிகள், மேலிருந்து கீழாக. ஒவ்வொன்றும் ஒரு நூல், அரைக்கால் அங்குலம்தான் நகரும், அதுவும் நான் வைத்த வரிசையில் முந்தையது நகர்ந்தால்தான். ஒன்பதும் சரியாக விழுந்தால் பூட்டு விடும். சத்தம் வரக் கூடாது என்பதற்காக உரசுகிற இடமெல்லாம் அக்கா மெழுகு தேய்த்திருக்கிறாள். இந்தத் தடவை அவள் அவசரப்படுத்துகிறாள், நான் நிதானமாக இருக்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. எதையும் அளந்து பார்க்கிற ஆள். ஒரு பட்டியை அழுத்திப் பார்த்தால் போச்சு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சுத்தமான வீடு. செருப்புகள்கூட ஒரே கோட்டில். மாடி அறையில் கட்டில், கம்பி போட்ட ஒரு ஜன்னல், பீரோ. பீரோ மேல் என் பெட்டி. அவள் கட்டிலோரம் நின்றிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். சான்றிதழ்ப் படத்தைவிடப் பாதி உடம்பு. வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்தாள், யார் என்று தெரிந்துகொண்டது கண்ணில் ஒரு நொடி வந்து போனது. அவ்வளவுதான்.

கீல் முடுக்கி முடிக்கிற வரை மில்லிமீட்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றார். மூச்சு என் கழுத்தில் பட்டது. பட்டிகளைப் பார்த்து "இது எதுக்கு?" என்று கேட்டார். வெறும் பலகைன்னா வளைஞ்சிடும் சார், முதுகெலும்பு மாதிரி என்றேன். தலையாட்டினார்.

அப்புறம் சொன்னார்: "நீங்க உள்ள போங்க. நான் சாத்தறேன். திறக்க முடியுதா பாருங்க. செஞ்சவராலயே முடியலைன்னா நம்பலாம்."

உள்ளே போனேன். கதவு சாத்திக்கொண்டது. நானும் அவளும்.

கதவைத் தட்டினேன், தள்ளினேன், தோளால் இடித்தேன். "ம்ஹூம், அசையல சார்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே முதல் பட்டியைக் காட்டக் கையைத் தூக்கினேன். அவள் தலையை ஆட்டி என்னைத் தடுத்தாள். பக்கத்தில் வந்து, விரலைப் பட்டிகள் மேல் படாமல் காற்றிலேயே ஓட்டினாள், மேலிருந்து கீழாக. ஆறாவதில் நின்றாள். அதுதான் முதலில் நகர்த்த வேண்டியது. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்: "எத்தனை?"

ஒன்பது விரல் காட்டினேன்.

"இன்னும் நல்லா முயற்சி பண்ணுங்க!" என்று வெளியேயிருந்து குரல். நான் மறுபடியும் இடித்தேன். அவள் கட்டிலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டாள், முன்னே இருந்த மாதிரியே.

கதவைத் திறந்த மில்லிமீட்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த இடம் இன்னும் என்னவோ செய்கிறது. இரண்டு தடவை குளித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒன்றும் இல்லை. கிளினிக் திறந்திருக்கிறது. ரோட்டில் பார்த்தால் கை காட்டுகிறார்.

ஆகஸ்ட் 27, புதன்

மழை பிடித்துவிட்டது. மூன்று நாளாக விடவே இல்லை.

காலையில் பட்டறைக் கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. அப்போதுதான் உறைத்தது. மரம் ஈரம் குடித்தால் ஊதும். வெளிப்பக்கத்துக்கு மழைக்கால இடைவெளி விட்டேனா? மூன்றாவது அசைவுக்கு விடவில்லை. அது அவர் பாடு. உள்பட்டிகளுக்கு? விட்டேன் என்றுதான் நினைக்கிறேன். விட்டேனா? காய்ந்த வெயிலில் செய்தது, ஒரு நூல்தான் மொத்த நகர்வே. அந்த ஒரு நூலையும் மழை தின்றுவிட்டால்? முப்பது வருஷத் தொழில்! கத்துக்குட்டிகூட மழையை மறக்க மாட்டான். நாலு மாசமாக அவளுக்கு நானே சுவர் கட்டிக் கட்டிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு வாசல் வைக்கிறேன் பேர்வழி என்று அதையும் சுவராக்கிவிட்டேனோ?

அக்கா மிச்சமிருந்த பட்டித் துண்டை எடுத்து வாசலில், சாரலில் வைத்திருக்கிறாள், எவ்வளவு ஊதுகிறது என்று பார்க்க.

செப்டம்பர் 1, திங்கள்

துண்டு அரை நூல் ஊதியிருக்கிறது. பாதிக்குப் பாதி. திறக்கும், ஆனால் இறுக்கமாக. அல்லது திறக்காது.

இருப்புக் கொள்ளாமல் கிளினிக் பக்கம் போய்விட்டேன். பல் வலி என்று சொல்லி உட்கார்ந்தேன். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை உள்ளே விட்டுக்கொண்டே பேசினார். "கதவு பிரமாதம். இந்த மழைக்குக்கூட அசையல." பதில் சொல்ல முடியாத நிலையில் நான். "பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றார். கண்ணாடியை வெளியே எடுக்காமலே கேட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டே காலுக்குப் போன். டாக்டருக்கு எதிர்வீட்டுக்காரராம். டாக்டர் மாடி அறைக்குள் மாட்டிக்கொண்டாராம். ஏழு மணிக்கு மனைவிக்கு மாத்திரை கொடுக்க உள்ளே போயிருக்கிறார், பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டுவிட்டது. ஜன்னல் வழியாகக் கத்தியிருக்கிறார், இவர் வேலி ஏறிக் குதித்து, திறந்திருந்த வாசல் வழியாக மேலே போயிருக்கிறார். "உள்ளேயிருந்து அவர் அஞ்சு படி சொல்றாரு. இடது பலகைங்கறாரு, மேல்பலகைங்கறாரு. மூணாவதை மழையிலிருந்து அவரே இடிச்சுத்தான் தள்ளுவாராம், எனக்கு நகரவே மாட்டேங்குது. நீங்க வந்தாத்தான் ஆகும்."

"அந்தம்மா?"

"அவங்களைக் காணோம்ங்க. வீட்டுலயே இல்ல."

விடியுமுன்னே வெளியே வந்து ஒளிந்திருந்து, அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்தியிருக்கிறாள்!

"உடைச்சிடலாமான்னு கேக்கறாரு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஐயையோ, உடைச்சுடாதீங்க! உள்ள ஸ்பிரிங் இருக்கு. தெறிச்சா ஆளோட கண்ணு போயிடும்" என்றேன். அந்தக் கதவில் ஸ்பிரிங்கே கிடையாது. "மழைக்கு மரம் ஊதியிருக்கும். யாரும் தொடாதீங்க. இதோ வந்துக்கிட்டே இருக்கேன்."

போனை வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். உளிப் பெட்டியை எடுத்துத் தரையில் விரித்து உட்கார்ந்தேன். பதினோரு உளி. எல்லாம் நேற்றுத்தான் தீட்டியது. முதல் உளியை எடுத்துக் கல்லில் வைத்தேன். அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து கல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதரைக்கு மறுபடி போன். "கிளம்பிட்டேன்" என்றேன் உட்கார்ந்துகொண்டே. பத்தேகாலுக்கு, வண்டி பஞ்சர் என்றேன். எனக்கு வண்டியே கிடையாது.

பதினொன்றுக்கு நடக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்தேன். மில்லிமீட்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில். குரல் போய்விட்டிருந்தது. ஐந்தரை மணி நேரம் எதிரே ஒன்பது பட்டி. ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு நன்றியும் இல்லாமல் பீரோ மேலிருந்த பெட்டியைக் காட்டினார். "திற."

முதல் தடவையாக மரியாதை இல்லாமல்.

ஐம்பத்திரண்டு அசைவு. முடிந்த அளவு மெதுவாகத்தான் செய்தேன். முப்பத்தேழாவதில் தப்பு பண்ணி மறுபடி முதலிலிருந்து. மூடி திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை; சான்றிதழ், பாஸ்போர்ட், போன் எல்லாம் அவளோடு போய்விட்டது. அடித்தட்டை நான் தொடவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ, எழுதவே இல்லையோ, எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மழை விட்டிருக்கிறது.

மத்தியானம் ஒரு தள்ளுவண்டியில் கதவு வந்து இறங்கியது. பின்னாலேயே அவர். ஷேவ் பண்ணி, சட்டை கசங்காமல். கதவைப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். உள்பக்கம் எங்களைப் பார்த்து. ஒன்பது பட்டியையும் தன் கிளினிக் கருவியால் ஒரு கீறல் இல்லாமல் பெயர்த்து எடுத்திருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்டு, திரும்ப அதனதன் இடத்தில் நூலால் கட்டியிருந்தார். வரிசை சரியாகத்தான் இருந்தது.

அக்கா பாலிஷ் துணியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"போலீஸுக்கு நீங்க போனதும் தெரியும்" என்றார். குரல் இன்னும் கரகரப்பு. "அதெல்லாம் பரவாயில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவங்க எத்தனை நாள்ல கண்டுபிடிச்சாங்க?"

"எனக்குத் தெரியாது சார்."

"எனக்குத் தெரியணும்" என்றார் மறுபடியும். "நாளைக்கு வரேன்." படியிறங்கிப் போனார். முனையில் நின்று திரும்பி, பட்டறையின் வாசலை மேலிருந்து கீழாகப் பார்த்தார், அளவெடுக்கிற மாதிரி.

அக்கா ஸ்டூலை இழுத்து வாசலிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டாள். "வரட்டும். நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்கிறாள். எனக்குப் பயம்தான். பயமில்லை என்று இந்த நோட்டில் எதற்குப் பொய் எழுத வேண்டும்? இனி இந்த ஆள் வருவார், போவார், வருவார்.

ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். நாள் இல்லை. மூன்று நிமிஷம். அவர் வெளியே நின்று சாத்திப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மூன்று நிமிஷத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம் முப்பத்து நாலு நாள் அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவர் உள்ளேயும் தான் வெளியேயும் ஆகிற ஒரு காலை வரும் வரைக்கும். அந்த முப்பத்து நாலு நாளும் கதவு அவளுக்குத் திறந்துதான் இருந்தது. அதை மட்டும் நான் அவரிடம் சொல்லப்போவதில்லை.